கரன்ட் பில் கரைய வேண்டுமா? டாக்குரியாவிலிருந்து சில வீட்டுக் குறிப்புகள்

கொல்கத்தாவில் எங்கள் டாக்குரியா பக்கம் பழைய இரண்டு மாடி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, ஐந்து மாடி ஃப்ளாட்டாக எழுந்துகொண்டிருக்கின்றன. கூடவே 'நெட் ஜீரோ' என்கிற பேச்சும் காதில் விழுகிறது. ஒரு வருஷத்தில் வீடு எத்தனை யூனிட் செலவழிக்கிறதோ, அத்தனையையும் வீடே தயாரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பேனல் விற்கிறவர் பேனலில்தான் பேச்சை ஆரம்பிப்பார். நாம் வெயில், காற்று, ஃபேன் என்று ஆரம்பித்துப் பேனலைக் கடைசியில் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரே புழுக்கம்தான், அதனால் பெரும்பாலான குறிப்புகள் அங்கேயும் பலிக்கும்.

1. முதலில் 12 மாத கரன்ட் பில்களைத் தேடி எடுத்து, யூனிட்டை மட்டும் கூட்டுங்கள். ரூபாயைப் பார்க்க வேண்டாம். இங்கே மாதா மாதம் பில் வருகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் 6 பில் போதும்.

2. கூரையில் 1 கிலோவாட் பேனல் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 1,300 யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோவாட் வேண்டும். செலவை 1,900-க்கு இறக்கிவிட்டால் ஒன்றரையே போதும். மிச்சமாகும் ஒரு கிலோவாட் பணத்தில் வீட்டு ஃபேன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மேற்கு ஜன்னலுக்குத் தட்டியும் கட்டிவிடலாம்.

3. வருஷ யூனிட்டை வீட்டின் சதுர மீட்டரால் வகுத்து வைத்துக்கொண்டால், அக்கம்பக்கத்து வீட்டோடு நியாயமாக ஒப்பிடலாம். பெரிய கட்டடங்களுக்கும் இதே கணக்குதான். சூரிய மின்சாரத்தைக் கழித்த பிறகு சதுர மீட்டருக்கு 10 யூனிட்டுக்குள் இருந்தால் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 'ஷூன்யா' முத்திரை தருகிறது. செலவழிப்பதைவிட அதிகமாகத் தயாரித்தால் 'ஷூன்யா பிளஸ்'.

4. புது வீட்டுக்கு பிளான் போடும்போது நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குட்டைப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குச் சுவரோரம் பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் என்று தள்ளிவிடுங்கள். மாலை வெயிலை அவை வாங்கிக்கொண்டால் படுக்கையறை தப்பிக்கும்.

5. மேற்குச் சுவரில்தான் படுக்கையறை என்று ஏற்கெனவே அமைந்துவிட்டதா? பீரோ, புத்தக அலமாரி எல்லாவற்றையும் அந்தச் சுவரோரம் நிறுத்துங்கள், கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துவிடுங்கள். செலவு இல்லாத வேலை.

6. கொல்கத்தாவில் தெற்கு திறந்த ஃப்ளாட் என்றால் விலை கூட்டித்தான் சொல்வார்கள், ஆனாலும் வாங்கிவிடுவார்கள். கோடைக் காற்று தெற்கிலிருந்துதான் வருகிறது, குளிர்கால வெயிலும் அந்தப் பக்கம்தான். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, எதிர்ச் சுவரில் வெளியே போகவும் வழி வேண்டும். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

7. தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட் போட்டால், 4 அடி உயர ஜன்னலில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நடுப்பகல் வெயில் படவே படாது. அதே சன்ஷேட், டிசம்பரில் சூரியன் தாழ்ந்து போகும்போது பாதி ஜன்னல் வரை வெயிலை உள்ளே விடும். சன்ஷேட்டை ஜன்னல் தலைக்கு ஒட்டியே போடச் சொல்லுங்கள்; ஒரு முழம் மேலே போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

8. சென்னை, திருச்சி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொல்கத்தா கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் ஜூனில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். சென்னையிலோ ஏப்ரல் கடைசிக்குப் பிறகு ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால், அங்கே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் அவசியம். "வடக்குதானே, வெயில் வராது" என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. மேற்கு ஜன்னலுக்கு எவ்வளவு நீளச் சன்ஷேட் போட்டாலும் பிரயோஜனமில்லை, நாலு மணி வெயில் அதன் அடியில் புகுந்து வந்துவிடும். மூங்கில் தட்டியோ, பக்கவாட்டுச் சட்டங்களோதான் கைகொடுக்கும். தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் அறைக்குள் வந்த பிறகுதான் அதைத் தடுக்கப் பார்க்கும்.

10. இங்கத்திய பழைய வீடுகளில் பச்சை வர்ணமடித்த மரச்சட்ட ஜன்னல் இருக்கும், 'கொட்கொடி' என்பார்கள். நடுவிலுள்ள ஒரு குச்சியை மேலும் கீழும் தள்ளினால் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சாயும். வெயிலும் சாரலும் வெளியே, காற்று மட்டும் உள்ளே. இடிக்கும் வீட்டிலிருந்து இவை கழன்று வரும்போது வாங்கிப் போடுங்கள். எண்ணெய் பூசி, ஆட்டம் கொடுத்த கீல்களை மாற்றினால் நம் காலத்துக்குப் போதும்.

11. ஸ்லைடிங் ஜன்னல் பார்க்கப் பெரிதாக இருக்கும், திறந்தால் பாதிதான் திறக்கும். 5 அடிக்கு 4 அடி ஸ்லைடிங் என்றால் காற்றுக்குக் கிடைப்பது 10 சதுர அடி. அதே அளவில் கதவு போல் திறக்கும் ஜன்னல் வைத்தால் 18 வரை வரும். வீடுகளுக்கு என்று 2018-இல் வந்த மத்திய அரசின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதி, நம் மாதிரிப் புழுக்கமான ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கிற ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி, பிளானில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

12. காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று தெரிய ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னலோரம் பிடியுங்கள், பிறகு அறை நடுவில், பிறகு கதவருகில்; புகை சும்மா மேலே போனால் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். ஏ.சி. அறையில் கதவு இடுக்கு வழியாகக் குளிர் தப்புகிறதா என்பதையும் இதே ஊதுபத்தி காட்டிக்கொடுக்கும்.

13. கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் வையுங்கள். இப்போதெல்லாம் யாரும் வைப்பதில்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை. படுக்கையறைக் கதவைத் தாழிட்டாலும் சூடான காற்று மேல்வழியாக வெளியேறிவிடும்.

14. கடைசி மாடியில் இருக்கிறவர்கள் இரவு 10 மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கூரை இப்போது உங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் ஏ.சி. வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்து முதலில் கூரையைக் கவனியுங்கள்.

15. மே மாத மொட்டை மாடி தோசைக்கல்தான். வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தாலே கீழ் அறையில் வித்தியாசம் தெரியும். கைச்செலவு குறைய வேண்டுமென்றால் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடியுங்கள், மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். நீடித்து நிற்க வெள்ளை உடைந்த ஓடு பதிப்பதுதான் சிறந்தது.

16. எந்த வெள்ளை அடிப்பதானாலும் அதற்கு முன்பு ஒழுகலைச் சரிசெய்யுங்கள். கொல்கத்தா மழையில் ஈரம் ஊறிய கூரைக்கு மேல் பெயின்ட் அடித்தால் ஒரே வருஷத்தில் தோல் தோலாக உரிந்துவிடும். பழைய வீட்டுக் கூரையில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்ட 'ஜல்சாத்' இருந்தால் அதைக் கொத்தி எடுக்காதீர்கள். நம் மெட்ராஸ் டெரஸ் மேல்பூச்சுக்குச் சொந்தக்கார வேலை அது, தண்ணீரையும் தடுக்கும், வெப்பத்தையும் தாமதப்படுத்தும்.

17. புதிதாகக் கட்டும் கூரை என்றால் கான்கிரீட்டுக்கு மேல் ஒன்றரை அங்குல எக்ஸ்.பி.எஸ். வெப்பத் தடுப்புப் பலகை போட்டு, அதன் மேல் தளம் போடச் சொல்லுங்கள். வெறும் கான்கிரீட் கூரை, 11-ஆம் குறிப்பில் சொன்ன விதி அனுமதிக்கும் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது.

18. பலகைக்குப் பணமில்லையென்றால் மண் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியைக் கலவையால் நிரப்பித் தளம் போடும் பழைய முறை இருக்கிறது. பானைக்குள் அடைபட்ட காற்றுதான் தடுப்பு. டீக்கடைக்கு டீக்கடை மண் குவளையில் டீ ஊற்றும் ஊரில் குயவருக்குப் பஞ்சமில்லை. கூரை தாங்குமா என்று மட்டும் இன்ஜினீயரைக் கேட்டுவிடுங்கள்.

19. சுவருக்கு 'ராட் ட்ராப்' கட்டு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். செங்கல்லைக் குத்துக்காக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பியது. செங்கல் கால்வாசி மிச்சம், நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

20. ஏ.ஏ.சி. பிளாக் செங்கல்லைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும், எடையும் குறைவு. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். வெளிப்பூச்சு சுத்தமாக இல்லையென்றால் முதல் ஆனியிலேயே உள்சுவர் பூத்துப்போகும், எனவே பிளாக்கில் மிச்சம் பிடித்ததைப் பூச்சில் போடுங்கள்.

21. வெளிச்சுவருக்கு அடர்ந்த சாம்பலும் காவியும் இப்போது ஃபேஷன். வெள்ளையோ இளமஞ்சளோ அடித்தால் அதே பெயின்ட் செலவில் வெப்பமும் குறையும்.

22. மேற்குச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கம்பி வலை கட்டி, பீர்க்கு, புடலை, சங்குப்பூ எது வருமோ அதைப் படரவிடுங்கள். சுவரில் ஒட்டவிட்டால் ஈரம் இறங்கும், தள்ளிவிட்டால் நிழல் மட்டும் கிடைக்கும். கோடையில் பீர்க்கங்காய்த் துவையலும் லாபம்.

23. மரம் வைக்க இடமிருந்தால் கிழக்கிலும் மேற்கிலும் வையுங்கள், தெற்கே வேண்டாம். நாளைக்குப் பேனல்மேல் நிழல் விழும். மரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் ஏப்ரல் மத்தியானம் கடியாஹாட் தெருவிலிருந்து ரவீந்திர சரோபர் கரைக்கு நடந்து பாருங்கள். சுற்றுவட்டாரத் தாழ்நிலத்தை மேடாக்க 1920-களில் மண் எடுத்த பள்ளம்தான் இந்த ஏரி, 1958 வரை டாக்குரியா லேக். இன்று இந்தப் பக்கத்துக்கே ஓசி ஏ.சி.

24. டெசர்ட் கூலர் வாங்காதீர்கள். ராஜஸ்தான் காற்றுக்கு அது சரி, நம் புழுக்கத்தில் ஈரத்தைத்தான் கூட்டும்.

25. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம், வருஷத்தில் எட்டு மாதம் சுற்றினால் ஒரு ஃபேனுக்கு 160 யூனிட் மிச்சமாகும். மூன்று ஃபேன் மாற்றினால் 480 யூனிட். கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கு பேனலுக்கும் அதிகமான வேலையை இந்த மூன்று ஃபேன் செய்துவிடும், விலையோ அதில் பாதிகூட வராது.

26. 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஸ்டார் முத்திரை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீதம் மிச்சம். 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள், தூக்கம் கெடாது. மழைக்காலத்தில் 'ட்ரை' பொத்தானே போதும்.

27. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் குறுகலான டக்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தான் விட்ட அனலையே தான் இழுத்துக்கொண்டு கூடுதல் கரன்ட் தின்னும். நிழலான, காற்றாடும் பால்கனிச் சுவர் நல்லது.

28. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். புதிது வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு, கீழே சின்ன எழுத்தில் 'வருஷத்துக்கு இத்தனை யூனிட்' என்று இருப்பதைப் படியுங்கள்.

29. ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போகும் செட்-டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் வருஷத்துக்கு 88 யூனிட் போகும். டி.வி., பாக்ஸ், மோடம் மூன்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் சேர்த்து, படுக்கப் போகும்போது ஒரே தட்டு.

30. எல்.இ.டி. பல்ப் எல்லாரும் மாற்றிவிட்டோம், சொல்ல ஒன்றுமில்லை. துர்கா பூஜைப் பந்தல்களுக்கு வெளிச்சம் போடும் சந்தன்நகர்க்காரர்களே மாறிவிட்டார்களே!

31. கீசரில் நாலு பேர் அடுத்தடுத்துக் குளித்துவிடுங்கள், மணிக்கு ஒருவராகக் குளித்தால் ஆறிய தண்ணீரையே மறுபடி மறுபடி சுடவைக்கிறது. கொல்கத்தாவில் வெந்நீர் தேவைப்படுவது நாலு மாதம்தான். சொந்த மாடி இருக்கிறவர்கள் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் போட்டால் நாலு பேருக்குப் போதும்.

32. தண்ணீர் தொட்டிக்கு ஃப்ளோட் ஸ்விட்ச் மாட்டுங்கள். தொட்டி நிரம்பி வழியும் ஒவ்வொரு நிமிஷமும் கரன்டும் சேர்ந்துதான் வழிகிறது.

33. இனிதான் பேனல். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் வடக்கு மூலையில் வருமாறு பிளானிலேயே சொல்லிவிடுங்கள். தெற்கே வைத்தால் அவற்றின் நிழல் பேனல்மேல் விழும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து மந்தமாகிவிடும்.

34. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தெற்குப் பார்த்து, கொல்கத்தாவில் 22 டிகிரி, சென்னையில் 13 டிகிரி சாய்வு. 7 அடி உயரச் சட்டத்தில் ஏற்றினால் கீழே நிழலும் கிடைக்கும், துணியும் காயும். வெயில் வேண்டிய நம் வடாத்துக்கும் பக்கத்து வீட்டு மாஷிமாவின் 'போடி' வடகத்துக்கும் மட்டும் ஓரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் தை மாதத்தில் மாடியில் சண்டை வரும்.

35. சட்டத்தைக் காசு பார்த்து மெலிதாகப் போடாதீர்கள். 2020 மே 20 அன்று அம்பான் புயலில் கொல்கத்தா பட்டபாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். வருஷா வருஷம் சித்திரையில் கால்பைசாகிச் சூறைக்காற்று வேறு. எந்த வேகக் காற்றுக்குக் கணக்குப் போட்டார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

36. பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், தெருவில் கரன்ட் போனால் உங்கள் பேனலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டாம். கரன்ட் போகும்போது ஃபேன் சுற்ற வேண்டுமானால் தனியாக இன்வெர்ட்டரோ பேட்டரியோ வேண்டும்.

37. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஃப்ளாட் சங்கங்களுக்குப் பொது லைட், பம்ப், லிஃப்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000. மீதி யூனிட்டை எந்தக் கணக்கில் கழிப்பார்கள் என்பதை மின் கம்பெனியில் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

38. ஃப்ளாட்காரர்கள் ஆசையை அளந்து வையுங்கள். 8 வீடு உள்ள கட்டடத்து மாடியில் தொட்டி, படி போக 6 கிலோவாட் போட்டால் நாளுக்குச் சுமார் 21 யூனிட், வீட்டுக்கு மூன்றுகூட வராது. மாடி ஏற ஏற நெட் ஜீரோ எட்டாது. பொதுச் செலவு பூஜ்ஜியமானாலே மாதாந்தர மெயின்டனன்ஸ் இறங்கும், அதுவே பெரிய விஷயம்.

39. தனி வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனில் 2008-இல் வந்த 'ரவி ரஷ்மி' குடியிருப்பைத் தெருவிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். 25 வீடு, கூரையோடு சேர்ந்தே பேனல், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ற வரைபடம். பெரிய அளவில் பார்க்க, டில்லி போகும்போது ஜோர் பாக்கில் இந்திரா பர்யாவரண் பவன்: 2014-இல் திறந்த மத்திய அரசுக் கட்டடம், 930 கிலோவாட் பேனல், தயாரிப்பும் செலவும் சமமாக வரும்படி திட்டமிட்டது. அங்கேயும் நடுமுற்றமும் நிழலும் செலவைக் குறைத்த பிறகுதான் பேனல் கணக்கு நேரானது.

40. பழைய வீட்டை ப்ரோமோட்டரிடம் கொடுக்கிறீர்களா? சதுர அடி பேரத்தோடு இவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: தெற்கில் சன்ஷேட், மேற்கில் பக்கவாட்டுச் சட்டங்கள், திறக்கிற ஜன்னல், கூரைக்குத் தடுப்புப் பலகை, வடக்கு மூலைத் தொட்டி, மாடியிலிருந்து மீட்டர் அறை வரை காலிக் குழாய் ஒன்று. கட்டும்போது அந்தக் குழாய்க்கு ஆகிற செலவு சொற்பம், கட்டிய பிறகு சுவரைக் கொத்தினால் ஆயிரக்கணக்கில் போகும்.

41. மழை ஓய்ந்து கார்த்திகை முதல் மாசி வரை இங்கே பேனல்மேல் தூசு அப்பிக்கொள்ளும், காக்கா எச்சம் வேறு. விடியற்காலையில் வெறும் தண்ணீரும் மென்மையான துடைப்பானும் போதும். சோப்பு வேண்டாம், உச்சி வெயிலில் சூடான கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். கழுவிய தண்ணீர் கீழேயுள்ள தொட்டிச் செடிகளுக்குப் போகும்படி அவற்றை நகர்த்தி வைத்துவிடுங்கள்.